சொல்லாமல் பிரித்த தையல்

போன மாதம் செல்வி போன் செய்தாள். மிஷன் வீதிக்குப் பின்னால் உள்ள சந்தில், நான் முப்பத்தோரு வருஷம் ஜாக்கெட் தைத்த லேடீஸ் டெய்லர் கடையை இப்போது நடத்துகிறவள் அவள்தான். குரலில் அவசரம் தெரிந்தால் ஏதோ முகூர்த்த ஆர்டர் சொதப்பிவிட்டது என்று அர்த்தம். இந்த முறை அவசரம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"யக்கா, ஒரு சந்தேகம். இப்பல்லாம் ஊசி போட்டு இளைச்சிட்டு வர்றாங்க. ஒரே ஆளு ஆறு மாசத்துல ரெண்டு வாட்டி வந்து ஜாக்கெட்ட புடிச்சிக் குடுன்றாங்க. புடிச்சிட்டு, உள்ள இருக்கற துணிய வெட்டிடவா, வுட்டுடவா?"

"அவங்க இன்னா சொல்றாங்க?"

"வெட்டுன்னு சில பேரு. வுடுன்னு சில பேரு. ஒண்ணும் சொல்லாம கண்ணாடியப் பாத்துக்கினு நிக்கறவங்கதான் ஜாஸ்தி. நீ எழுதிக் குடுக்கா. நம்ம கடைப் பொண்ணுங்களுக்குப் படிச்சிக் காட்டறேன்."

ஊசியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அது டாக்டர் சமாச்சாரம். ஆனால் இளைத்த உடம்பைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். டேப்பைப் பிடித்துக்கொண்டு அத்தனை வருஷம் நின்றிருக்கிறேன். செல்வி கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சொல்ல முடியவில்லை. தனத்தைப் பற்றிச் சொல்லாமல் அந்த பதில் வராது.

முதலில் தையல் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். அக்குளிலிருந்து இடுப்பு வரை, பக்கவாட்டில் ஒரு ஒன்றரை அங்குலம் துணி மிச்சமாக இருக்கும். அந்த மிச்சத் துணியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று தையல் ஓடியிருக்கும். உடம்போடு ஒட்டியிருக்கும் தையல்தான் அன்றைக்கு எடுத்த அளவு. பின்னால் இருப்பவை வரப்போகும் நாட்களுக்கு. உடம்பு வைத்தால் முன்தையலைப் பிரித்துவிட்டால் போதும், அடுத்த தையல் தாங்கிக்கொள்ளும். ஒரு தையல் பிரித்தால், இரண்டு பக்கமும் முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஓர் அங்குலம் கிடைக்கும். நம் பெண்களில் பாதிப் பேர் பிரசவத்துக்குப் பிறகு பிளேடால் தாங்களே பிரித்துக்கொள்வார்கள்.

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு டீச்சர் இருந்தார். "ஜாக்கெட் டைட்டாச்சுன்னா துவைச்சதுல சுருங்கிப்போச்சும்மான்னு சொல்லுவேன் சரோஜா. இருவது வருஷமா துவைக்கிறேன், புடவை மட்டும் சுருங்கவே மாட்டேங்குது" என்பார். ஜனங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே தைத்தால் கை வலி தெரியாது. எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. மீதியை எல்லாம் ட்ரையல் ரூம் திரைக்குப் பின்னால் நின்று கற்றேன்.

தொழில் கற்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் வருஷம் ஹூக் தைத்தேன். இரண்டாம் வருஷம் ஜாக்கெட் கையை மடித்துத் தைத்தேன். நாலாம் வருஷம் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். கொடுத்தவர் மதாம். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போன பிறகும் அந்தப் பேச்சை விடாத குடும்பம் அவருடையது. கடை முதலாளியும் அவர்தான், கட்டிங் மாஸ்டரும் அவர்தான். நாங்கள் எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான ஆள். கழுத்தில் டேப், கண்ணாடிக் கயிறு, சின்னச் சிலுவை மூன்றும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு தொங்கும். வாடிக்கையாளர் வந்து நின்றதும் "அலோர்" என்பார். அப்படியென்றால் "சரி, ஆரம்பிக்கலாம்" மாதிரி. அதன் பிறகு அளவு எடுத்து முடிக்கும் வரை வாயே திறக்க மாட்டார்.

அதுதான் அந்தக் கடையின் வழக்கம். மற்றக் கடைகளில் ஒருவர் அளவு எடுத்து "முப்பத்தெட்டு, முப்பத்திரண்டு" என்று கத்த, இன்னொருவர் உட்கார்ந்து எழுதுவார். எங்கள் கடையில் அப்படிக் கத்தினால் தீர்ந்தது. மதாம் டேப்பைப் பிடிப்பார், பார்ப்பார், தானே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்துத் துணிக்குள் செருகிவிடுவார்.

"பொம்பளை உடம்ப ஏலம் போடக் கூடாது" என்பார். அவர் சொன்ன நீளமான வாக்கியங்களில் அது ஒன்று. இன்னொன்று: "உள்துணிய வெட்டாத. அது நம்மளுது இல்லை, துணி வாங்கினவளுது."

யாரையும் திட்ட மாட்டார். தப்பாகத் தைத்தால், அந்தத் துணியை மடித்து நம் மிஷின் மேல் வைத்து, அதன் மேல் தையல் பிரிக்கும் முள்ளை வைத்துவிட்டுப் போவார். அந்தச் சின்ன முள்ளைப் பார்க்கிறபோது நாலு திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று தோன்றும்.

தனம் முதலில் வந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். தவளக்குப்பம் ஜங்ஷனில் புருஷனும் அவளுமாக டிபன் கடை நடத்தினார்கள். விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை தோசைக்கல் முன்னால் நிற்பவள் அவள், வெளியே பரிமாறுபவர் அவள் புருஷன் மாணிக்கம். எங்கள் கடை டேப் அறுபது அங்குலம். தனத்தின் மார்பைச் சுற்றி நாற்பத்தெட்டில் நின்றது. மதாம் வழக்கம்போல் ஒன்றும் பேசாமல் எழுதி மடித்தார். தனம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "ஆஸ்பத்திரில நர்சம்மா வரிசைல நிக்க வெச்சு, நூத்தி எட்டுன்னு கத்துச்சுக்கா. எனக்கு முன்னாடி நின்னவன் திரும்பிப் பாத்து, ஆம்புலன்ஸா நீன்னு கேட்டான். அன்னிலேர்ந்து எடை மிஷின்ல ஏறறதே இல்லை. உங்க மதாம் எவ்ளோ தேவல."

அவள் உடம்பைக் குறைக்க ஆரம்பித்தது அழகுக்காக இல்லை. முட்டி போய்விட்டது. இப்படியே போனால் நிற்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோசைக்கல் முன்னால் நிற்க முடியாவிட்டால் கடை இல்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவள் அம்மாவும் இப்படித்தான், கனத்த உடம்பு, முட்டி போய்க் கடைசி எட்டு வருஷம் படுக்கையில்.

"எட்டு வருஷம் நான்தான்க்கா அதைப் பொரட்டிப் போட்டேன். முதுகுல புண்ணு வந்துடக் கூடாதுன்னு ரெண்டு மணிக்கு ஒருக்கா. எனக்கு ஒரே புள்ள, அதுவும் ஆம்பளப் புள்ள. என்னைப் பொரட்ட யாரு வருவா?"

இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. எனக்குத்தான் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

இரண்டு வருஷத்தில் இளைத்தாள். எப்படி என்று கேட்டால் "வாயைக் கட்டினேன், காலை அவுத்து வுட்டேன்" என்பாள். மத்தியானம் கடை கட்டியதும் தவளக்குப்பத்திலிருந்து நோணாங்குப்பம் போட் ஹவுஸ் வரை நடந்து போய்த் திரும்பி வருவாள். மாணிக்கம் ரோட்டில் போகிற வருகிறவர்களிடம் "நாப்பது கிலோ பொண்டாட்டியக் காணோம்யா, கண்டா சொல்லுங்க" என்று கிண்டல் பண்ணுவாராம். கிண்டல் பண்ணினாலும், சாம்பார் ருசி பார்க்கிற வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டவரும் அவர்தான். கரண்டி கரண்டியாக ருசி பார்த்தே ஒரு நாளைக்கு ஒரு சாப்பாடு உள்ளே போய்விடும், சமைக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தாள். செவ்வாய் அவள் கடைக்கு லீவு. வாசலில் நின்றவளை நான் யாரோ என்று நினைத்து "அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கியாம்மா?" என்று கேட்டேன்.

"எந்த அளவுக்கா கொண்டாருவேன்? வீட்டுல இருக்கறதெல்லாம் வேற எவளோ போட்டதாட்டம் இருக்குது" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

நாற்பது அங்குலம். எட்டு அங்குலம் போயிருந்தது. மதாமே சீட்டில் எழுதிவிட்டு இன்னொரு முறை டேப் போட்டுப் பார்த்தார்.

தனம் பையிலிருந்து துணியை எடுத்தாள். அரக்கு நிற டூ பை டூ, பருத்தி ஜாக்கெட் துணி. "இது எனக்கு ஒண்ணு. உள்ள ஒரு நூலு துணி மிச்சம் இருக்கக் கூடாது. ஒத்தைத் தையல். நான் மிஷின்ல ஏறமாட்டேன்னு உனக்குத் தெரியும். மாசம் ஒரு வாட்டி இதைப் போட்டுப் பாப்பேன். ஹூக் வுழுந்துச்சுன்னா நான் நல்லா இருக்கேன். வுழலைன்னா முழிச்சிக்கிடணும். இதான் எனக்குத் தராசு."

நான் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு வேறொன்று செய்தேன்.

இளைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருந்தேன். பிடித்துத் தைத்துக்கொண்டு போவார்கள், அடுத்த தீபாவளிக்குள் பிரித்துவிடச் சொல்லி வருவார்கள். வரும்போது முகத்தைப் பார்க்கவே மாட்டார்கள். தனமே முன்னால் சொல்லியிருக்கிறாள், "போன சதை மச்சான் மாதிரிக்கா, கோச்சிக்கினு பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் போவும்" என்று. பிறகு எதற்கு நல்ல துணியை வெட்டி வீணாக்க வேண்டும் என்று நினைத்தேன். மதாம் சொன்ன சட்டமும் கைக்கு வசதியாக இருந்தது. அளவுத் தையலுக்குப் பின்னால் கால் அங்குலம் கால் அங்குலமாக விட்டு மூன்று தையல் ஓட்டினேன். லைனிங் துணியிலும் அப்படியே. உள்துணி தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் மடித்து, கையால் பொடித் தையல் போட்டு மூடினேன். உள்பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒத்தைத் தையல் மாதிரித்தான் தெரியும். என் வேலை அவ்வளவு சுத்தம். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஏழெட்டு மாதம் கழித்து மாணிக்கம் அந்த ஜாக்கெட்டைக் கொண்டுவந்தார். "ஹூக் பிஞ்சிடுச்சாம், தைச்சித் தரச் சொல்லுச்சு."

ஹூக் தானாகப் பிய்யாது. இழுபட்டால்தான் பிய்யும். துணியைப் பார்த்ததும் தெரிந்தது, ஹூக் பட்டி ஓரமாக நூல் இழை விலகியிருந்தது. நான் ஹூக்கைத் தைத்தேன். ஹூக்கை மட்டும் தைத்துக் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அன்றைக்கு என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், போட்டுப் பார்த்து ஏறாவிட்டால் மனசு உடைந்து போவாள், உடைந்தால் மொத்தமாக விட்டுவிடுவாள், ஒரு அங்குலம்தானே, அவள் எப்படியும் இறக்கிவிடுவாள் என்று நினைத்தேன். முள்ளை எடுத்து முன்தையலைப் பிரித்தேன். பிரித்த இடத்தில் ஊசி ஓட்டை வரிசையாகத் தெரிந்தது. தண்ணீர் தெளித்து நகத்தால் தேய்த்து இஸ்திரி போட்டேன். மேலுக்கு ஓட்டை மூடிக்கொண்டது.

அடுத்த இரண்டு வருஷத்தில் இன்னும் இரண்டு தடவை அந்த ஜாக்கெட் வந்தது. ஒரு தடவை ஹூக், ஒரு தடவை அக்குளில் விரிசல். இரண்டு தடவையும் பிரித்தேன். அளவுத் தையலோடு சேர்த்து மூன்று தையல் போனது, கடைசித் தையல்தான் மிச்சம். மதாமிடம் சொல்லவில்லை. ஹூக் வேலைக்கெல்லாம் யார் அவரிடம் போய்ச் சொல்வார்கள்?

அதன் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வாக்கில் தனம் வந்தாள். படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கையில் அந்த அரக்கு ஜாக்கெட்.

"யக்கா, ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றேன். முட்டி மறுபடியும் வலிக்குதுன்னு போனேன். டாக்டரு ஏறித்தான் ஆவணும்னுட்டாரு, மிஷின்ல ஏறுனேன். பதினோரு கிலோ கூடிப்போச்சாம். நான் நர்ஸ்கிட்ட சண்டை போட்டேன். உங்க மிஷின் ரிப்பேரு, என் ஜாக்கெட் கரெக்டா இருக்குதுன்னு. அந்தப் பொண்ணு சிரிச்சிச்சு. பக்கத்து ரூம்ல இருந்த மிஷின்லயும் ஏத்துச்சு. அதுலயும் பதினொண்ணு."

ஜாக்கெட்டை என் மிஷின் மேல் போட்டாள்.

"நீ சொல்லு. ரெண்டு மிஷினும் பொய் சொல்லுதா, இது பொய் சொல்லுதா?"

கடையில் மற்ற மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மதாம் எழுந்து வந்தார். ஜாக்கெட்டை எடுத்து உள்பக்கம் திருப்பினார். விரலால் பக்கத் தையலைத் தடவிப் பார்த்தார். தடவியதிலேயே கண்டுபிடித்துவிட்டார். என் பொடித் தையலை முள்ளால் நாலு விரல் நீளம் பிரித்து, லைனிங்கை விலக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெளிச்சத்தில் மூன்று வரிசை ஓட்டை தெரிந்தது.

"யார் பிரிச்சது?"

"நான்தான் மதாம்."

தனம் அந்த ஓட்டைகளை எட்டிப் பார்த்தாள். கோபமாகக் கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"கடை மூடறப்ப வடை ரெண்டு மூணு மிஞ்சும்க்கா. ஒண்ணு திம்பேன். தின்னுட்டு, மாசம் பொறந்ததும் இதைப் போட்டுப் பாப்பேன். ஏறும். அப்ப ஒண்ணு தின்னா ஒண்ணும் பண்ணாதுன்னு ரெண்டு தின்னேன். அதுக்கும் ஏறுச்சு. நடக்கறத வாரத்துக்கு நாலு நாளா கொறைச்சேன். அதுக்கும் ஏறுச்சு. எனக்கு உடம்பு படிஞ்சிடுச்சு, இனிமே பயம் இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன். நீ என்னைக் கண்ண கட்டி வுட்டுட்டியேக்கா."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டாள்.

"நீயும் என்னை நம்பலதானே? தைக்கறப்பவே நம்பல. நான் மறுபடியும் ஊதுவேன்னு உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அதான் துணி வுட்டு வெச்சிருக்க."

அது உண்மைதான். அவள் மேல் எனக்குப் பிரியம் இருந்தது. நம்பிக்கை இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதாம் தன் நாற்காலியை இழுத்துத் தனத்தை உட்காரச் சொன்னார். மதாமின் நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"துணி விட்டது தப்பு இல்லை சரோஜா. பிரிச்சதுகூடத் தப்பு இல்லை. அவளுக்குச் சொல்லலை பாரு, அது தப்பு." ஜாக்கெட்டை என்னிடம் நீட்டினார். "அளவை மறைச்சு சீட்டை மடிச்சு வைக்கச் சொல்லிக் குடுத்தவ நான்தான்." முள்ளை என் கையிலேயே கொடுத்தார். மிஷின் மேல் வைக்கவில்லை.

தனம் சொன்னாள்: "பழைய தையல் மேலயே தைச்சிக் குடு. இப்பவே."

தைத்தேன். ஓட்டை வரிசை இருந்ததால் சாக்பீஸ் தேவைப்படவில்லை, அதன் மேலேயே ஊசி இறங்கியது. இந்த முறை அவள் கண் முன்னால் உள்துணியை எடுத்துக் காட்டினேன். "வெட்டட்டுமா?" என்று கேட்டேன். ட்ரையல் ரூமில் போட்டுப் பார்த்தாள். ஹூக்குக்கும் வளையத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அந்த நாலு விரலைக் கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "வெட்டாத. இருக்கட்டும். எங்க இருக்குதுன்னு இப்ப எனக்குத் தெரியுமில்ல" என்றாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

எட்டு மாதம் வரவில்லை. நான் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது அவள் கடையை எட்டிப் பார்ப்பேன். தோசைக்கல் முன்னால் ஒரு நாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு நாள் ஸ்டூல் இருந்தது, அவள் நின்றுகொண்டிருந்தாள். இறங்கிப் போய்ப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒன்பதாம் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை வந்தாள். அரக்கு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே வந்தாள். மேல் ஹூக் மட்டும் விழவில்லை. என்னிடம் "நல்லா இருக்கியா" என்றுகூடக் கேட்கவில்லை.

"டேப்ப எடு. அளவு எடுத்து சத்தமாச் சொல்லு. இன்னா வருதோ அதச் சொல்லு."

நான் மதாமைப் பார்த்தேன். அந்தக் கடையில் யாரும் ஒரு பெண்ணின் அளவைச் சத்தமாகச் சொன்னதில்லை. மதாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அலோர்" என்றார்.

மாதம் ஒரு முறை அளவைச் சத்தமாகச் சொல்வது அன்று ஆரம்பித்த வழக்கம். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. செய்முறையை எழுதுகிறேன், செல்வி, கவனமாகப் படி. ஒரே இடத்தில் நிற்க வைக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடிக்கக் கூடாது, விட்டுவிட்டு நிற்க வேண்டும். டேப் முதுகில் கீழே இறங்காமல் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்க வேண்டும். டேப்புக்குள் விரல் நுழைக்கக் கூடாது, தைப்பதற்குத்தான் விரல் விட்டுத் தளர்த்த வேண்டும், பார்ப்பதற்கு வேண்டாம். மார்பு, இடுப்பு, கை மூன்றும் எடுக்க வேண்டும். மார்பும் இடுப்பும் காலையில் ஒன்று சாயந்திரம் ஒன்று காட்டும். கை பொய் சொல்லாது. எடுத்ததும் எண்ணைச் சொல்லிவிட வேண்டும். "பரவால்லம்மா", "கொஞ்சம்தான்" என்று எதையும் பின்னால் ஒட்டக் கூடாது. முதல் ஆறு மாதம் எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. "நாப்பத்தொண்ணு" என்று சொன்னதும் நாக்கு நுனியில் "பரவால்ல" வந்து நிற்கும்.

"முழுங்கு" என்பாள் தனம். "நான் வடைய முழுங்காம இருக்கேன் இல்ல? நீ அதை முழுங்கு."

அளவு ஒரே இடத்தில் நின்றதில்லை. பொங்கலுக்கு ஏறும், சித்திரை வெயிலில் இறங்கும். மாணிக்கம் காலில் அடிபட்டுக் கிடந்த வருஷம் நாற்பத்திரண்டரை வரை போனது. நான் பயந்தேன். அவள் பயப்படவில்லை. "ஒரு இஞ்சு ஏறுனா அன்னிக்கே கெளம்பிடணும்க்கா. ரெண்டாவது இஞ்சு வரட்டும்னு உக்காந்திருந்தா அது குடும்பத்தோட வந்து எறங்கிடும்" என்பாள். அப்போதெல்லாம் ராத்திரிச் சோறு நின்றுவிடும், நடை இரண்டு வேளை ஆகிவிடும். வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. காலையில் கடை திறப்பதற்கு முன்னால் சாப்பிட்டுவிடுவாள். அதன் பிறகு கடையில் எது மிஞ்சினாலும் அது அவளுடையது இல்லை. "இளைக்கறது கல்யாணம் மாதிரி, ஊரே வந்து கை தட்டும். இளைச்ச மாதிரியே இருக்கறது குடித்தனம். எவன் வந்து பாப்பான்?" என்று ஒருமுறை சொன்னாள். பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் மாதாமாதம் பஸ் பிடித்து என்னிடம் வந்தாள் என்று நினைக்கிறேன்.

அவள் மகன் கல்யாணத்துக்குப் பட்டு ஜாக்கெட் தைத்தேன். "துணி விட்டுத் தை. விட்டுட்டு எனக்குக் காட்டு" என்றாள். உள்பக்கம் திருப்பி ஒவ்வொரு தையலாகத் தொட்டுக் காட்டினேன். அவளும் தொட்டுப் பார்த்து எண்ணிக்கொண்டாள். உன் கேள்விக்குப் பதில் இதுதான் செல்வி. வெட்டுவதா விடுவதா என்பதை அவர்களிடமே கேள். எதைச் செய்தாலும் திருப்பிக் காட்டு. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்கிறார்களே, அவர்களுக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துக் கேள்.

மதாம் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. நான் கடைக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருஷம். தனம் இப்போது முதலியார்பேட்டைக்கு, என் வீட்டுக்கு வருகிறாள். இந்த மாதமும் வந்தாள். வெயிலில் வந்தவள் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, வழக்கமாக நிற்கும் இடத்தில், பீரோ பக்கமாகப் போய் நின்றாள்.

எனக்குக் கண்ணில் புரை. ஒரு கண்ணுக்கு இப்போதுதான் ஆபரேஷன் ஆயிற்று, கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி இன்னும் வரவில்லை, இன்னொன்றுக்குத் தேதி சொல்லியிருக்கிறார்கள். டேப்பைச் சுற்றிப் பிடித்தேன். எண் எல்லாம் எறும்பு வரிசை மாதிரி அசைந்தது. போன மாதம் நாற்பது. கைக்கு ஏறக்குறைய அப்படித்தான் பட்டது. நாற்பது என்று சொல்லிவிடலாம். சொன்னால் சந்தோஷமாகப் போவாள். ஒரு மூச்சு நேரம் வாயில் அந்த எண் இருந்தது.

"தெரியல தனம். கண்ணு தெரியல" என்றேன்.

அவள் டேப் சேர்ந்த இடத்தைக் கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பிடித்தாள். அப்படியே உருவி எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். கையைத் தூரமாக நீட்டிப் படித்தாள். அவளுக்கும் வயதாகிவிட்டது.

"நாப்பதரை" என்றாள், தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி. "அரை ஏறியிருக்குது."

நான் ஒன்றையும் பின்னால் ஒட்டவில்லை.

டேப்பை என் மடியில் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள். "வர்றேன்க்கா. பஸ்ஸு வேணாம், மரப்பாலம் வரைக்கும் நடக்கறேன்" என்று படியிறங்கினாள். கைப்பிடியைத் தொடவில்லை. அது மட்டும் எனக்கு மங்கலாகத் தெரிந்தது. அவள் போன பிறகு டேப்பை எடுத்துச் சுற்றினேன். ஓரிடத்தில் அவள் நகம் அழுந்திச் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. எண் எனக்குத் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது.